இல்லாத நெருப்பைக் காணும் கண்

வீட்டில் எரிவாயு அடுப்பின் மீது பால் காய்கிறது. சற்றுக் கவனம் தவறியதும் பால் பொங்கி வழிகிறது. அடுப்பு அணைந்து விடுகிறது. ஆனால் குமிழ் திறந்தபடியே இருக்கிறது. எரிவாயு சீறிக்கொண்டு வெளியே வருகிறது. நல்ல வேளையாக அம்மாவின் மூக்கு அதைக் கண்டுபிடித்து விடுகிறது. அவர் உடனே குமிழை மூடுகிறார். சன்னல்களைத் திறந்து விடுகிறார். மின்விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல், வாடை முழுவதும் போகும்வரை காத்திருக்கிறார். அதற்குப் பிறகே தீக்குச்சியைக் கிழிக்கிறார்.

இதில் நான்கு செயல்கள் இருக்கின்றன. சுடர் அணைந்ததை அறிவது, எரிபொருளை நிறுத்துவது, காற்றால் கழுவுவது, பிறகு மீண்டும் பற்றவைப்பது. இந்த வரிசை மாறினால் ஆபத்துதான் அல்லவா?

இப்போது ஒரு பெரிய ஆலையின் கொதிகலனை எண்ணிப் பாருங்கள். அங்கும் ஓர் அடுப்பு எரிகிறது. அதற்குப் பர்னர் என்று பெயர். ஆனால் அது மூடிய இரும்புக் கூட்டுக்குள், உலைச்செங்கல் சுவர்களுக்கு நடுவே எரிகிறது. சுடர் அணைந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வாடையும் வெளியே வராது. அங்கே அம்மாவின் வேலையை ஒரு கருவி செய்கிறது. அதுதான் ‘ஃப்ளேம் டிடெக்டர்’. ஆலைகளில் பலர் ‘ஸ்கேனர்’ என்றும் சொல்வார்கள். நாம் அதைச் ‘சுடர்க் கண்’ என்று அழைப்போம்.

எல்லாக் கருவிகளையும் போலச் சுடர்க் கண்ணும் பழுதாகும். அப்போது அதில் குற்றம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துப்பறியும் கதையைப் போன்ற இந்த வேலையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பத்து நொடியில் என்ன ஆகும்?

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பர்னர் மணிக்கு 100 கன மீட்டர் எரிவாயுவை எரிக்கிறது என்று கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 நொடிகள். ஆகவே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். சுடர் அணைந்தபின் 10 நொடி வரை வால்வு திறந்தே இருந்தால், 280 லிட்டர் வாயு எரியாமல் உலைக்குள் புகுந்து விடும்.

இயற்கை எரிவாயுவின் பெரும் பகுதி மீத்தேன். காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தக் கலவை வெடிக்கக் கூடியது. 280 லிட்டர் வாயு 10 சதவீத அளவில் காற்றுடன் கலந்தால் 2,800 லிட்டர் வெடிகலவை கிடைக்கும். ஒரு சிறு குளியலறையை நிரப்ப இது போதும். உலையின் செங்கற்களோ செக்கச் சிவந்து கிடக்கின்றன. தீக்குச்சிக்குக்கூடத் தேவையில்லை! ஆகவேதான் சுடர் அணைந்த சில நொடிகளுக்குள், பல பர்னர்களில் 1 முதல் 4 நொடிக்குள், எரிபொருள் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

“உலைக்குள் ஒரு வெப்பமானியை வைத்தால் போதாதா? சூடு குறைந்தால் சுடர் அணைந்தது என்று தெரிந்து விடுமே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் சுடர் அணைந்த பிறகும் செங்கற்கள் நெடுநேரம் சூடாகவே இருக்கும். அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று ஆவியாகிறதே, அதைப்போல. சூட்டைப் பார்த்துச் சுடரை அறிய முயன்றால், அறிவதற்குள் காரியம் கெட்டு விடும். சுடருக்கே உரிய, சுடர் அணைந்த உடனே மறைந்து போகிற ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும்.

சுடரின் மூன்று அடையாளங்கள்

அப்படிப்பட்ட அடையாளங்கள் மூன்று உண்டு. மூன்றுக்கும் மூன்று வகைக் கண்கள் உண்டு.

முதலாவது, சுடர் மின்சாரத்தைக் கடத்தும். எரியும்போது நிகழும் வேதி வினைகளால் சுடருக்குள் அயனிகளும் எலெக்ட்ரான்களும் தோன்றுகின்றன. சுடருக்குள் ஓர் உலோகக் கம்பியை நீட்டி, அதற்கும் பர்னரின் உடலுக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பாயும். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பி சிறியது, பர்னரின் உடல் பெரியது. நேர் அயனிகள் கனமானவை, மெதுவாக நகர்பவை. பர்னர் எதிர்முனையாக இருக்கும் அரைச் சுற்றில், அதன் பெரிய பரப்பு ஏராளமான நேர் அயனிகளை ஏற்றுக்கொள்கிறது, மின்னோட்டம் அதிகம். கம்பி எதிர்முனையாகும் அடுத்த அரைச் சுற்றில், அதன் சிறிய பரப்பு கொஞ்சம் அயனிகளையே ஏற்கிறது, மின்னோட்டம் குறைவு. முடிவில் ஒரு திசையில் மிகுதியாகவும் மறு திசையில் குறைவாகவும் பாய்வதால், நேர்மின்னோட்டம் போன்ற ஒரு மிச்சம் கிடைக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மிச்சத்தை மட்டுமே சுடரின் குரலாக ஏற்கும். இந்த வகைக்குச் ‘சுடர்க் கம்பி’ என்று பெயர் வைப்போம்.

இரண்டாவது, சுடர் புற ஊதாக் கதிர்களை வெளிவிடும். இதைக் காண ஒரு சிறு குழல் பயன்படுகிறது. குழலுக்குள் குறைந்த அழுத்தத்தில் வாயு, இரண்டு மின்முனைகள், அவற்றுக்கிடையே சில நூறு வோல்ட். புற ஊதாக் கதிர் எதிர்முனையின் மீது விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் தெறித்து வெளிவரும். அது வாயு அணுக்களை மோதி மேலும் பல எலெக்ட்ரான்களை விடுவிக்கும். அவை இன்னும் பலவற்றை விடுவிக்கும். மலைச்சரிவில் உருளும் ஒரு கல் பல கற்களைப் பெயர்த்துக்கொண்டு இறங்குவதைப் போல, ஒரு கணத்தில் மின்னோட்டம் பெருகுகிறது. கதிரியக்கத்தை அளக்க 1928-இல் கைகரும் முல்லரும் உருவாக்கிய குழலும் இப்படிப்பட்ட பெருக்கத்தையே பயன்படுத்துகிறது.

இந்தக் குழல் ஏறத்தாழ 185 முதல் 260 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை மட்டுமே காணும்படி செய்யப்பட்டிருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் இந்த அலைநீளங்களை வானத்திலுள்ள ஓசோன் விழுங்கி விடுவதால், குழலுக்குச் சூரியன் தெரியாது. உலைச்செங்கல்லும் இவற்றை அநேகமாக வெளிவிடுவதில்லை. ஆகவே பட்டப்பகலும் சிவந்த செங்கல்லும் இந்தக் கண்ணுக்கு இருட்டுதான். சுடர் மட்டுமே வெளிச்சம்!

மூன்றாவது, சுடர் நடுங்கும். நெருப்பு ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரும் நொடிக்குப் பல முறை கூடிக் குறைகிறது. சூடான செங்கல்லும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். ஆனால் நடுங்காமல் ஒரே சீராக. காரீய சல்பைடால் ஆன உணர்கலம் இரண்டையும் பார்க்கிறது. அதன் பின்னாலுள்ள மின்சுற்று நடுங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சீரானதைத் தள்ளி விடுகிறது.

குருட்டுக் கண்ணும் கனாக் காணும் கண்ணும்

சுடர்க் கண்ணில் வரும் குற்றங்கள் எத்தனையோ. ஆனால் அவற்றை எல்லாம் இரண்டே பெட்டிகளில் அடைத்து விடலாம்.

ஒன்று: நெருப்பு இருக்கிறது, கண் ‘இல்லை’ என்கிறது. இதைக் குருட்டுக் கண் என்போம்.

மற்றொன்று: நெருப்பு இல்லை, கண் ‘இருக்கிறது’ என்கிறது. இதைக் கனாக் காணும் கண் என்போம்.

இவற்றுள் எது மோசமானது? சற்று நிறுத்தி யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

குருட்டுக் கண்ணால் கொதிகலன் நின்று விடும். நீராவி வராது. வேலை தடைப்படும். ஆபரேட்டர் சலித்துக்கொள்வார், மேலாளர் கோபிப்பார். ஆனால் யாருக்கும் காயம் இராது. கனாக் காணும் கண்ணோ யாருக்கும் தொல்லை கொடுக்காது. கொதிகலன் நன்றாகவே ஓடும். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். என்றோ ஒரு நாள் உண்மையாகவே சுடர் அணையும்போது, கண் ‘நெருப்பு இருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வால்வு மூடாது. மேலே போட்ட கணக்கை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தொல்லை கொடுக்கும் குற்றம் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. தொல்லை கொடுக்காத குற்றத்தை நாம்தான் தேடிச் சென்று பிடிக்க வேண்டும். சுடர்க் கண்ணைச் சோதிப்பவர் மறக்கக் கூடாத பாடம் இது.

துப்பறிவோம், வாருங்கள்

ஒரு பால் பதனிடும் ஆலையில் எண்ணெயால் எரியும் கொதிகலன் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குப் புற ஊதாக் கண் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு வாரமாக இரவில் இரண்டு மூன்று முறை கொதிகலன் தானாக நின்று விடுகிறது. ‘சுடர் இல்லை’ என்று சிவப்பு விளக்கு எரிகிறது. நீங்கள்தான் மெக்கானிக். எங்கே தொடங்குவீர்கள்?

பலர் செய்வது, உடனே புதுக் குழல் ஒன்றை வாங்கி மாட்டுவது. அது துப்பறிவது அன்று; அதிர்ஷ்டச் சீட்டு வாங்குவது. செய்தி நெருப்பில் பிறந்து, பார்வைக் குழாய் வழியாகக் கண்ணுக்கு வந்து, வயரில் ஓடி, பெட்டியை அடைகிறது. அந்த வழியிலேயே நாமும் நடப்போம்.

முதற் கேள்வி: நெருப்பு உண்மையிலேயே அணைந்ததா? கண் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம் அல்லவா? வடிகட்டியில் அழுக்கு அடைத்திருக்கலாம்; எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்; காற்று மிகுதியாகிச் சுடர் பர்னரை விட்டு விலகிப் போயிருக்கலாம். அப்படியானால் கண் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதைத் திட்டுவது நியாயமில்லை. ஆகவே முதலில் பார்வைத் துளை வழியாகச் சுடரைக் கவனிக்கிறோம். நம் கதையில் சுடர் நிலையாக, நன்றாக எரிகிறது. சரி, நெருப்பு குற்றவாளி இல்லை.

இரண்டாவது கேள்வி: குறிப்பேடு என்ன சொல்கிறது? நல்ல ஆலைகளில் சுடர்க் கண்ணின் மின்னோட்டத்தை ஒழுங்காக அளந்து எழுதி வைப்பார்கள். நம் ஆலையின் ஏட்டில் வாரம் ஒன்றுக்கு ஒரு அளவு என்று இப்படி இருக்கிறது: 5.0, 4.4, 3.7, 3.1, 2.4, 1.8 மைக்ரோ ஆம்பியர். இந்தக் கருவிக்கு 1.5-க்குக் கீழே போனால் ‘சுடர் இல்லை’ என்று பொருள்.

இந்த ஆறு எண்களையும் ஒரு வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். சீராக இறங்கும் கோடு கிடைக்கும். கோட்டின் வடிவமே பாதித் துப்பைத் துலக்கி விடுகிறது! மெல்ல மெல்ல இறங்கினால் அழுக்கு படிகிறது அல்லது குழல் கிழடாகிறது. துள்ளித் துள்ளி ஏறி இறங்கினால் சுடர் அலைகிறது அல்லது ஏதோ ஒரு வயர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. திடீரென்று சுழியத்துக்கு வந்தால் வயர் அறுந்திருக்கும் அல்லது மின்னழுத்தம் வரவில்லை. பொருத்திய நாள் முதலே குறைவாக இருந்தால், கண் சுடரின் சரியான பகுதியைப் பார்க்கவில்லை. புற ஊதாக் கதிர் மிகுதியாக வருவது சுடரின் அடிப்பகுதியிலிருந்துதான். அதை விட்டு நுனியைப் பார்க்கும் கண்ணுக்கு எப்போதும் அரைகுறைப் பார்வையே.

மூன்றாவது கேள்வி: வழியில் மறைப்பது எது? கொதிகலனை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கழற்றிப் பார்க்கிறோம். முன்னாலுள்ள சாளரத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம். நம் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே அன்று. அதன் வழியாகச் செய்தித்தாள்கூடப் படிக்கலாம். ஆனால் எண்ணெய்ப் படலம் புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சி விடும். மென்மையான துணியால் துடைத்து மாட்டுகிறோம். அளவு 4.9! குற்றவாளி அகப்பட்டான்.

வேலை முடிந்ததா? இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 4.3. மீண்டும் இறங்குகிறது. படலம் குற்றம்தான், ஆனால் படலம் ஏன் வருகிறது? பார்வைக் குழாயைச் சுற்றிப் பார்க்கிறோம். கண்ணைக் குளிர்விக்கவும், உலையின் புகையும் எண்ணெய்த் துளியும் சாளரத்தை அணுகாமல் தள்ளவும் ஒரு ரப்பர்க் குழாய் வழியாகக் காற்று வர வேண்டும். அந்தக் குழாய் கழன்று தொங்குகிறது. அதை மாட்டிய பிறகே கோடு இறங்குவது நிற்கிறது. குற்றத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை. குற்றத்தின் காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் முழு வேலை.

துடைத்தும் பயன் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம்? அப்போது நன்றாக வேலை செய்யும் என்று உறுதியான வேறு ஒரு குழலை மாட்டிப் பார்ப்போம். அதற்கும் அளவு ஏறாவிட்டால் வயரைச் சோதிப்போம். அதுவும் சரியாக இருந்தால் கடைசியாகப் பெட்டி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். சாளரத்தைத் துடைத்து, குழலையும் மாற்றி, வயரையும் முறுக்கிவிட்டால் கொதிகலன் ஓடலாம். ஆனால் எது குற்றவாளி என்று என்றைக்கும் தெரியாது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் அதே விதிதான் இது.

ஒரு புதிர்

இதே ஆலையில் இன்னொரு நாள் சாளரம் உடைந்து போகிறது. மாற்றுச் சாளரம் கிடைக்க நாளாகும். அவசரத்தில் ஒருவர் அதே அளவுக்கு நல்ல கண்ணாடியை வெட்டிப் பொருத்துகிறார். கண்ணாடி பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. அதன் வழியே எட்டிப் பார்த்தால் சுடர் நன்றாகத் தெரிகிறது. குழல் புதியது. வயர் சரி. பெட்டி சரி. ஆனால் மின்னோட்டம் சுழியம். ஏன்?

இதற்கு விடை 1887-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் பெரிய மின்பொறி. சற்றுத் தள்ளி அதற்கு எதிரொலி போல ஒரு சிறு மின்பொறி. சிறு பொறியைத் தெளிவாகப் பார்ப்பதற்காக அதை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். உடனே பொறியின் நீளம் குறைந்தது. பெரிய பொறியிலிருந்து வந்த ஏதோ ஒன்று சிறு பொறிக்கு உதவிக்கொண்டிருந்தது; பெட்டி அதை மறைத்து விட்டது! இடையில் பல பொருள்களை வைத்துப் பார்த்தார். கண்ணாடி அந்த உதவியைத் தடுத்தது. குவார்ட்சுப் படிகம் தடுக்கவில்லை. அந்த ‘ஏதோ ஒன்று’ புற ஊதாக் கதிர்தான்.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவின் முதல் அறிகுறி அதுவே. அதற்குச் சரியான விளக்கத்தை 1905-இல் ஐன்ஸ்டைன் அளித்தார். அவருக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது எடுத்துச் சொல்லப்பட்டதும் இந்தக் கண்டுபிடிப்பே.

புதிர் அவிழ்ந்ததா? சாதாரணக் கண்ணாடி நமக்குச் சன்னல். புற ஊதாக் கதிருக்குச் சுவர். சுடர்க் கண்ணின் சாளரம் குவார்ட்சால் ஆனது. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கருவிக்கும் தெரியும் என்று எண்ணக் கூடாது. பழுது பார்ப்பவர் கருவி எதைப் பார்க்கிறதோ அதை நினைத்துப் பார்க்கப் பழக வேண்டும்.

கனாவைப் பிடிப்பது எப்படி?

இனி, தொல்லை கொடுக்காத அந்தப் பொல்லாத குற்றத்துக்கு வருவோம். நெருப்பு இல்லாதபோது கண் எதைப் பார்த்து ஏமாறும்?

புற ஊதாக் கண் பற்றவைக்கும் மின்பொறியைப் பார்த்து ஏமாறலாம்; அந்தப் பொறியும் புற ஊதாக் கதிரை வெளிவிடுகிறது. மேலும் குழல் மிகவும் கிழடாகிவிட்டால், கதிர் நின்ற பிறகும் அதனுள் மின்னோட்டம் நிற்காமல் தொடரக் கூடும். அகச்சிவப்புக் கண் வேறு விதமாக ஏமாறும். சிவந்த செங்கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவே சூடான வாயுவோ புகையோ அலைந்தால், செங்கல்லின் சீரான ஒளியும் நடுங்குவது போல் தோன்றும். வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு அப்பால் இருக்கும் பொருள்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றதுதான் இதுவும்.

சுடர்க் கம்பியோ இந்த வகையில் மிகவும் நம்பகமானது. அதன் பீங்கான் விரிசல் விட்டாலும், கரி படிந்து மின்சாரம் கசிந்தாலும், இரு திசையிலும் சமமாகவே கசியும். ஒருதிசை மிச்சம் கிடைக்காது. பெட்டி ‘சுடர் இல்லை’ என்று சொல்லி விடும். அதாவது கருவி கெட்டாலும் பாதுகாப்பான பக்கமாகவே சாய்கிறது. இதை அமைத்தவர்கள், “இது எப்படி வேலை செய்யும்?” என்று மட்டும் கேட்கவில்லை, “இது கெட்டுப்போனால் என்ன சொல்லும்?” என்றும் கேட்டிருக்கிறார்கள். பொறியியலின் மிகச் சிறந்த கேள்விகளுள் இது ஒன்று.

மற்றக் கண்களின் கனாவைப் பிடிக்க மூன்று உத்திகள் உண்டு.

முதல் உத்தி, எரிபொருள் திறப்பதற்கு முன்பே கண்ணைக் கேட்பது. கொதிகலனைத் தொடங்கும்போது விசிறி முதலில் உலையைக் காற்றால் கழுவுகிறது. அப்போது நெருப்பு இருக்க வழியே இல்லை. அந்த நேரத்தில் கண் ‘இருக்கிறது’ என்றால் அது பொய். பெட்டி உடனே பூட்டிக்கொள்ளும், எரிபொருள் திறக்காது.

இரண்டாவது உத்தி, கண்ணை அடிக்கடி மூடிப் பார்ப்பது. இரவு பகலாக நிற்காமல் ஓடும் கொதிகலன்களுக்கு முதல் உத்தி போதாது. அவை தொடங்குவதே அபூர்வம். ஆகவே புற ஊதாக் கண்ணின் முன்னால் ஓர் இமையை வைத்திருக்கிறார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்த இடைவெளியில் மூடித் திறக்கும். இமை மூடிய கணத்தில் கண் ‘இருட்டு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண் கெட்டுவிட்டது, கொதிகலன் நிற்கும். நம் கண்ணைப் போலவே இதுவும் இமைக்கிறது. ஆனால் தன்னையே சோதித்துக்கொள்வதற்காக!

மூன்றாவது உத்தி, பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்வது. எரிபொருளைக் கைவால்வால் அடைத்துவிட்டு மின்பொறியை மட்டும் இயக்கிப் பார்ப்பார். அப்போது கண் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், பொறி தெரியாதபடி கண் பார்க்கும் திசையை மாற்ற வேண்டும். இதைப்போலவே, உலை நன்றாகச் சூடேறியபின் எரிபொருளை நிறுத்தி, வெறும் சிவந்த செங்கல்லைக் கண்டு கண் ஏமாறுகிறதா என்றும் பார்ப்பார்.

சிவப்புப் பொத்தான்

கட்டுப்பாட்டுப் பெட்டியின் முகப்பில் ‘ரீசெட்’ என்ற பொத்தான் ஒன்று இருக்கும். கொதிகலன் பூட்டிக்கொண்டால் அதை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். இரவு இரண்டு மணி. பால் காத்திருக்கிறது. கொதிகலன் நின்று விட்டது. பொத்தானை அழுத்துகிறார்கள், பற்றவில்லை. இன்னொரு முறை அழுத்துகிறார்கள். பிறகு மறுபடியும்...

ஒவ்வொரு அழுத்தலிலும் கொஞ்சம் எண்ணெய் உலைக்குள் தெளிக்கப்படுகிறது. எரியாத எண்ணெய் தரையில் தேங்கி, சூட்டில் ஆவியாகிறது. காற்றுக் கழுவல் வாயுவை வெளியேற்றும். தேங்கிய எண்ணெயைத் துடைக்காது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ பற்றிக்கொண்டால், பற்றுவது பர்னர் மட்டும் அன்று. ஆகவே கருவி பூட்டிக்கொண்டால், காரணத்தைத் தேடிவிட்டே பொத்தானைத் தொட வேண்டும்.

இதைவிடக் கொடியது, தொல்லை தாங்காமல் கண்ணையே ஒதுக்கிவிட்டுக் கொதிகலனை ஓட்டுவது. ‘பைபாஸ்’ என்று இதற்குப் பெயர். “இன்று இரவு மட்டும்தானே” என்று தொடங்குவார்கள். காலையில் கொதிகலன் ஓடிக்கொண்டிருப்பதால், ஒதுக்கிய செய்தி மறந்து போகும். குருட்டுக் கண்ணாக இருந்த ஒரு சிறு குற்றத்தை, நம் கையாலேயே கனாக் காணும் கண்ணாக மாற்றி விடுகிறோம். துடைக்க வேண்டியிருந்தது ஒரு சாளரம், அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

கொதிகலனை நெருங்க நமக்கு அனுமதி இல்லை, நெருங்கவும் கூடாது. ஆனால் சுடரின் இரண்டு அடையாளங்களை ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே காணலாம். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை 1: ஈரமில்லாத நாளில் இரண்டு பிளாஸ்டிக் சீப்புகளை எண்ணெய் தடவாத தலைமுடியில் நன்றாகத் தேயுங்கள். இரண்டும் சிறு காகிதத் துண்டுகளை இழுக்கும். ஒரு சீப்பை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கவாட்டில், உருகாத தொலைவில், சில நொடி பிடியுங்கள். மற்றதைச் சும்மா காற்றில் பிடியுங்கள். பிறகு இரண்டையும் காகிதத் துண்டுகளிடம் கொண்டு செல்லுங்கள். சுடரின் அருகில் இருந்த சீப்பு தன் இழுவிசையை இழந்திருக்கும். சுடரின் அயனிகள் அதன் மின்னூட்டத்தைத் தீர்த்துவிட்டன. இரண்டாவது சீப்பு எதற்காக என்று யோசித்தீர்களா?

சோதனை 2: இருட்டறையில் மெழுகுவத்தி ஒளியில் ஒரு பென்சிலின் நிழலைச் சுவரில் விழச் செய்யுங்கள். பிறகு டார்ச் விளக்கில் அதையே செய்யுங்கள். எந்த நிழல் நடுங்குகிறது? கதவுகளை மூடிக் காற்றை நிறுத்தினாலும் நடுக்கம் முழுவதும் நிற்கிறதா? அகச்சிவப்புக் கண் பார்ப்பது இந்த நடுக்கத்தைத்தான்.

சிந்தியுங்கள்

1. சுடர்க் கம்பியின் வயர் அறுந்து போனால் பெட்டி என்ன சொல்லும்? அது குருட்டுக் கண்ணா, கனாக் காணும் கண்ணா?

2. நாள்தோறும் இரவில் நிறுத்திக் காலையில் தொடங்கும் கொதிகலனின் கண்ணுக்கு இமை கட்டாயம் தேவையா? ஏன்?

3. ஓர் ஆலையில் அளவுகள் இவ்வாறு இருக்கின்றன: 5.1, 5.0, 2.2, 4.9, 1.7, 5.0. நீங்கள் முதலில் துணியை எடுப்பீர்களா, திருப்புளியை எடுப்பீர்களா?

4. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கருவிகளைச் சுற்றிப் பாருங்கள். மின் ஃப்யூஸ், குக்கரின் பாதுகாப்பு அடைப்பான், சைக்கிள் பிரேக். ஒவ்வொன்றைப் பற்றியும் கேளுங்கள்: இது கெட்டுப்போனால் நமக்குத் தெரியுமா, தெரியாமலே இருந்து விடுமா? தெரியாமல் இருந்து விடும் என்ற பதில் கிடைத்தால், அதைச் சோதிக்க ஒரு வழியையும் கண்டுபிடியுங்கள்.